கொண்டல் காற்றும் சொகுசு யாட்டும்: தென் கரீபியனில் ஒரு குளிர்கால வாரம்

ஐம்பது மீட்டர் நீளமுள்ள ஒரு மோட்டார் யாட்டை, அதாவது எந்திரத்தால் ஓடும் சொகுசுப் படகை, குளிர்காலத்தில் கரீபியன் கடலில் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கப் பொதுவாக 2 லட்சம் அமெரிக்க டாலராவது ஆகும். அண்மையில் கட்டப்பட்ட, பெயர்பெற்ற கப்பல் கட்டும் தளத்திலிருந்து வந்த படகென்றால் 3 லட்சத்தையும் தாண்டும். தரகர்கள் அனுப்பும் விவரப் பக்கத்தில் அந்தத் தொகையை அடுத்து, 'செலவுகள் தனி' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். முதன்முறையாக வாடகைக்கு எடுப்பவர்களில் பலர் படகின் அறைகளையும் மேல்தளத்து நீச்சல் தொட்டியையும் பார்த்து முடிவெடுத்துவிட்டு, அந்த ஒற்றை வரியின் பொருளைப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். தாங்கள் போகவிருக்கும் கடல் எப்படிப்பட்டது என்பதோ அதற்கும் பிறகுதான் தெரியவருகிறது. செயின்ட் லூசியாவில் தொடங்கி, செயின்ட் வின்சென்ட், கிரெனடின் தீவுகள் வழியாகக் கிரெனடா வரை தெற்கே இறங்கும் தீவு வரிசையில், வாடகை ஏறுவதும் இறங்குவதும், படகு எந்தத் திசையில் போவது நல்லது என்பதும், இரவில் எந்தக் குடாவில் நிம்மதியாக உறங்கலாம் என்பதும் காற்றைப் பொறுத்தவை. ஆகவே காற்றிலிருந்து தொடங்குவதே முறை.

அட்லாண்டிக் பெருங்கடலில் அசோர்ஸ் தீவுகளை ஒட்டி நிலைகொண்டிருக்கும் உயர் அழுத்த மண்டலத்திலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கிக் காற்று நகர்ந்தபடியே இருக்கிறது. பூமியின் சுழற்சியால் அது வளைந்து, வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வீசுவதை வியாபாரக் காற்று என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மார்கழியில் நம் கரையை அடையும் வாடைக்காற்று அதன் நெருங்கிய உறவு. கீழ்த்திசைக் காற்றுக்கு நம் மீனவர்கள் வைத்திருக்கும் கொண்டல் என்ற பெயரைக் கிரெனடின் தீவுகளுக்குக் கொண்டுபோனாலும் அது அங்கே பொருந்தும். அந்தத் தீவுகளின் பெயர்களிலேயே காற்று குடியிருக்கிறது. ஐரோப்பியக் கப்பலோட்டிகள் தெற்கு வரிசையை விண்ட்வர்ட், அதாவது காற்று முகத்துத் தீவுகள் என்றும், ஆன்டிகுவா முதலான வடக்கு வரிசையை லீவர்ட், அதாவது காற்றுக்கு மறைவான தீவுகள் என்றும் அழைத்தார்கள். அந்தப் பெயர்கள் இன்றுவரை வழங்குகின்றன.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இந்தக் காற்று பெரும்பாலும் 15 முதல் 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 முதல் 37 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். மழைமேக மண்டலம் அந்த மாதங்களில் தெற்கே விலகிவிடுவதால் வானம் தெளிந்திருக்கும்; வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆனால் டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி இறுதி வரை, வடக்கே உயர் அழுத்தம் வலுக்கும் நாள்களில், காற்று 25 நாட்டையும் சில வேளைகளில் 30 நாட்டையும் தொட்டு, ஓரிரு நாள் அல்ல, ஒரு வாரம்கூட ஓயாமல் வீசும். உள்ளூரில் இதற்குக் 'கிறிஸ்துமஸ் காற்று' என்று பெயர். ஆண்டிலேயே வாடகை மிக உயர்ந்திருக்கும் இரண்டு வாரங்களும் இதே வாரங்கள்தாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் காலத்துக்கு உரிமையாளர்கள் வழக்கமான வாரக் கட்டணத்துக்கு மேல் கூடுதல் தொகை கேட்பார்கள். ஏழு நாளுக்குத் தராமல், பத்து நாளோ இரண்டு வாரமோ எடுத்தாக வேண்டும் என்றும் நிபந்தனை வைப்பார்கள். ஆண்டின் மிக முரட்டுத்தனமான கடலுக்கு ஆண்டின் மிக உயர்ந்த விலையைக் கொடுப்பது எனக்குச் சரியான பேரமாகத் தோன்றவில்லை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அந்த வாரத்தில்தான் என்ற கட்டாயம் இல்லாதவர்கள், காற்று சற்றே தணியும் பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரையிலான காலத்தை எடுத்துக்கொள்வதே நல்லது.

அப்படியானால் அந்தப் படகுகள் கோடையில் ஏன் அங்கே இருப்பதில்லை? அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த ஆறு மாதமும் பெரிய யாட்டுகளில் கணிசமானவை மத்தியதரைக் கடலில் தொழில் செய்கின்றன. அக்டோபர் இறுதியிலிருந்து அவை மேற்கு நோக்கிக் கிளம்பி, கேனரி தீவுகளில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, வியாபாரக் காற்றை முதுகில் வாங்கியபடி அட்லாண்டிக்கைக் கடக்கும். கேனரி தீவுகளின் லாஸ் பால்மஸ் துறைமுகத்திலிருந்து செயின்ட் லூசியாவின் ராட்னி பே வரை ஏறத்தாழ 2,700 கடல் மைல். சிறிய பாய்மரப் படகுகள் கூட்டமாகச் சேர்ந்து கடக்கும் 'ஆர்க்' என்ற ஆண்டுப் பயணம் 1986-இல் தொடங்கியது. 1990 முதல் அது செயின்ட் லூசியாவில் வந்து முடிகிறது. பெரிய மோட்டார் யாட்டுகளில் சில தம் எந்திரத்தைத் தேய்க்காமல் பாரக் கப்பலின் மேல் ஏற்றப்பட்டு வருவதும் உண்டு. எப்படி வந்தாலும் டிசம்பர் முதல் வாரத்தில் அவை ஆன்டிகுவாவில் கூடும். உலகெங்குமிருந்து வரும் தரகர்கள் அங்கே ஒவ்வொரு படகாக ஏறி இறங்கி, அறைகளைப் பார்த்து, சமையற்காரரின் கைப்பக்குவத்தைச் சுவைத்து, கேப்டனோடு பேசி எடைபோடுவார்கள்.

ஆன்டிகுவாவுக்கு இந்தச் சிறப்பு தற்செயலாக வந்ததல்ல. 1949-இல் பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி வெர்னன் நிக்கல்சன் தம் குடும்பத்தோடு 'மாலிஹாக்' என்ற பாய்மரக் கப்பலில் அங்குள்ள இங்கிலிஷ் ஹார்பருக்கு வந்து சேர்ந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் கடற்படைத் தளம் அப்போது பாழடைந்து கிடந்தது. அந்தத் தீவில் தங்கியிருந்த செல்வந்தர்கள் தங்களைக் கப்பலில் சுற்றிக்காட்டச் சொல்லிப் பணம் கொடுக்க முன்வந்ததிலிருந்து ஒரு தொழில் முளைத்தது. கிழக்குக் கரீபியனில் படகை வாடகைக்கு விடும் சார்ட்டர் தொழிலின் பிறப்பை அந்தக் குடும்பத்தோடு சேர்த்தே சொல்வது வழக்கம். அவர்கள் விருந்தினரை ஏற்றிக்கொண்டு போன பயணங்களில் கிரெனடா வரை தீவு தீவாகத் தெற்கே இறங்குவதும் ஒன்று.

இன்றைக்கும் பெரிய படகுகளின் கூட்டம் ஆன்டிகுவா, செயின்ட் மார்ட்டின், செயின்ட் பார்ட்ஸ் ஆகிய வடக்குத் தீவுகளைச் சுற்றியே இருக்கிறது. தெற்கே போக விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய முதல் செலவு இதிலிருந்து வருகிறது. ஆன்டிகுவா 17 பாகை வட அட்சத்திலும் கிரெனடா 12 பாகையிலும் இருக்கின்றன. இடைத்தூரம் 300 கடல் மைல். உங்களை ஏற்றிக்கொள்ள ஒரு படகு காலியாக அவ்வளவு தூரம் இறங்கி வர வேண்டுமென்றால், அந்த ஓட்டத்துக்கான எரிபொருளையும், சில வேளைகளில் அதில் செலவாகும் நாள்களுக்கான கட்டணத்தையும் நீங்களே கொடுக்க நேரும். அந்தக் குளிர்காலத்தில் முன்னதாகவே தெற்கே வேலை ஒப்புக்கொண்டிருக்கும் படகு எது என்று தரகரைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தால் இந்தச் செலவு பெரிதும் குறையும். இதைக் கேட்கத் தெரிந்த வாடகைதாரர்கள் மிகக் குறைவு.

இனி ஒப்பந்தம். இந்தத் தொழிலில் பரவலாக வழங்குவது 'மைபா' என்று சுருக்கிச் சொல்லப்படும் தரகர் சங்கத்தின் ஒப்பந்தப் படிவம். அந்தச் சங்கம் 1984-இல் மத்தியதரைக் கடல் தரகர்களால் தொடங்கப்பட்டது. அந்தப் படிவத்தின்படி வாரக் கட்டணம் என்பது படகுக்கும், அதன் காப்பீட்டுக்கும், பணியாளர்களின் சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே. விருந்தினரின் உணவு, மது, எந்திரங்களுக்கும் மின்னாக்கிகளுக்குமான எரிபொருள், துறைமுகக் கட்டணம், சுங்க முகவரின் கூலி, கரையிலிருந்து வரவழைக்கும் பூக்கள் வரை எல்லாம் 'ஏ.பி.ஏ.' என்ற முன்பணத்திலிருந்து செலவாகும். மோட்டார் யாட்டுக்கு அது வாரக் கட்டணத்தில் பெரும்பாலும் 25 முதல் 35 விழுக்காடு. எரிபொருள் குறைவாகச் செலவாகும் பாய்மரப் படகுக்கு அதைவிடக் குறைவு. பணம் கேப்டனின் பொறுப்பில் இருக்கும். அவர் ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு வைத்து, இறுதியில் மிச்சத்தைத் திருப்பித் தருவார், போதாவிட்டால் நடுவிலேயே கேட்பார். கையெழுத்திடும்போது பாதிக் கட்டணத்தையும், புறப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு மீதியையும் முன்பணத்தையும் செலுத்துவது வழக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரக் கட்டணம் 2,50,000 டாலர் என்று கொள்வோம். முப்பது விழுக்காடு முன்பணம் 75,000. பணியாளர்களுக்கு இறுதியில் கொடுக்கும் அன்பளிப்பு கட்டாயமல்ல என்று எழுத்தில் இருந்தாலும், கரீபியனில் அமெரிக்க வழக்கம் வலுவாக இருப்பதால் 10 முதல் 20 விழுக்காடு வரை எதிர்பார்க்கப்படுகிறது. 15 என்று வைத்தால் 37,500. ஆக மொத்தம் 3,62,500 டாலர். விமானக் கட்டணமும், படகைத் தெற்கே வரவழைக்கும் செலவும் இதில் சேரவில்லை. பார்த்த விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் இடையே ஏறக்குறைய பாதி அளவுக்கு இடைவெளி இருப்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிற தரகர் நம்பத்தக்கவர்.

எவ்வளவு பெரிய படகானாலும் விருந்தினர் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லை என்பதும் பலரைத் திகைக்கவைக்கும். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை, பன்னிரண்டு பயணிகளுக்கு மேல் ஏற்றும் எந்தக் கலத்தையும் பயணிகள் கப்பல் என்று வரையறுக்கிறது. அந்த வகைக்குள் போனால் தீத்தடுப்பு, உயிர்காக்கும் படகுகள், நீர்புகாத் தடுப்புகள் என எல்லாம் வேறு தரத்துக்கு மாற வேண்டும். ஆகவே மிகப் பெரிய யாட்டுகளிலும் பெரும்பாலானவை பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டு, மிஞ்சிய இடத்தை விசாலமான அறைகளாகவும் தளங்களாகவும் ஆக்கிக்கொள்கின்றன. ஐம்பது மீட்டர் படகில் விருந்தினர் எத்தனை பேரோ ஏறத்தாழ அத்தனை பணியாளர்களும் இருப்பார்கள். 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எந்த 24 மணி நேரத்திலும் பத்து மணி நேரமும், எந்த ஏழு நாளிலும் 77 மணி நேரமும் ஓய்வு தரச் சொல்கிறது. இரவு இரண்டு மணி வரை விருந்து நடத்திவிட்டு விடியலில் நங்கூரம் எடுக்கச் சொல்லும் விருந்தினரிடம் கேப்டன் மறுத்துப் பேசினால், பெரும்பாலும் இந்தக் கணக்குதான் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

கேப்டனின் அந்த உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. வாடகைதாரரின் நியாயமான விருப்பங்களை அவர் நிறைவேற்ற வேண்டும். ஆனால் காற்றும் கடலும் இடம் தராத இடத்துக்கு, அல்லது பாதுகாப்பற்றது என்று தாம் கருதும் துறைக்குப் படகைக் கொண்டுபோக அவர் கட்டுப்பட்டவர் அல்லர். நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் படகு ஓடலாம் என்ற வரம்பும் பல ஒப்பந்தங்களில் உண்டு. தென் கரீபியனில் இந்த வாசகங்கள் ஏட்டுச் சுரைக்காய் அல்ல; ஒரு வாரப் பயணத்தில் ஒரு தடவையாவது அவை வேலைக்கு வரும்.

ஏன் வருகின்றன என்பதை வரைபடத்தில் காணலாம். ஒவ்வொரு பெரிய தீவும் கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு ஒரு மலைச்சுவர். அதன் மேற்குக் கரையை ஒட்டிப் போகும்போது கடல் குளம்போல இருக்கும், மேசை மீதுள்ள கோப்பை அசையாது. தீவின் முனை தாண்டியதும் நிலைமை மாறிவிடும். செயின்ட் லூசியாவுக்கும் செயின்ட் வின்சென்டுக்கும் இடையே ஏறக்குறைய 25 கடல் மைல் அகலமுள்ள கால்வாயில், திறந்த அட்லாண்டிக்கின் அலை இடையிலே தடையின்றி வந்து சேருகிறது. கூடவே மேற்கு நோக்கி ஓடும் நீரோட்டமும் இரண்டு தீவுகளின் இடுக்கில் நெருக்கப்பட்டு வேகம் பெறுகிறது, காற்றும் அப்படியே. கிறிஸ்துமஸ் காற்று வீசும் நாளில் ஐம்பது மீட்டர் யாட்டின் விருந்தினர் கூடத்தில் பூச்சாடிகளை எடுத்துத் தரையில் வைத்துவிடுவார்கள். இந்தத் தீவு வரிசை நேர் வடக்கு தெற்காக இல்லாமல், தெற்கே போகப்போக மேற்கே சாய்ந்திருப்பதால், படகு தெற்கே போகும்போது அலை பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ வரும். வடக்கே திரும்பும்போது அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், மேலே அடிக்கும். எனவே செயின்ட் லூசியாவில் ஏறிக் கிரெனடாவில் இறங்கும் ஒருவழிப் பயணமே இந்தக் கடலுக்கு உகந்த வடிவம். போன வழியே திரும்புவதென்றால், திரும்பும் நாள்களில் சாப்பாட்டு மேசை காலியாக இருக்கும்.

செயின்ட் லூசியாவின் தென்மேற்கில் கடலிலிருந்து நேராக எழும் இரண்டு பிட்டான் சிகரங்களில் சிறியது 743 மீட்டர் உயரம், பெரியது அதைவிடச் சற்று அதிகம். 2004 முதல் யுனெஸ்கோ மரபுச் சின்னம். அவற்றின் அடியில் கடல் மிக ஆழம். அத்துடன் பவளப்பாறைகளைக் காக்கும் பொருட்டு அந்தக் கரை முழுவதும் கடல்வள மேலாண்மைப் பகுதியாக நிர்வகிக்கப்படுவதால், நங்கூரம் இடாமல், கடலடியில் பிணைத்து மிதக்கவிட்டிருக்கும் கட்டுமிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும். தம் படகின் எடையைத் தாங்கும் மிதவை காலியாக இருக்கிறதா என்பதைப் பெரிய யாட்டின் கேப்டன் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்வார்.

கால்வாயைக் கடந்தபின் விருந்தினர் இறங்கிப் பார்க்க வேண்டிய முதல் இடம் பெக்குவே. ஏழு சதுர மைல் பரப்பும் சில ஆயிரம் மக்களும் கொண்ட அந்தத் தீவின் அட்மிரல்டி குடா மேற்கு நோக்கித் திறந்து, காற்றுக்கு முழு மறைவாக இருக்கிறது. பெக்குவேக்காரர்கள் படகு கட்டுவோர், கடலோடிகள். பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் அவர்களுக்கு ஆண்டுக்கு நான்கு கூன்முதுகுத் திமிங்கலங்கள் வரை பிடிக்க அனுமதி தந்திருக்கிறது. துடுப்பும் பாயும் கொண்ட திறந்த படகில் போய்க் கைஈட்டி எறிந்து பிடிப்பது அவர்கள் மரபு. அது நடப்பதும் யாட்டுகள் வரும் அதே குளிர்கால மாதங்களில்தான்.

மஸ்டீக் வேறு உலகம். 1958-இல் காலின் டென்னன்ட் என்ற ஸ்காட்லாந்துச் செல்வந்தர் 45,000 பவுண்டுக்கு வாங்கிய தீவு அது. பிரிட்டிஷ் இளவரசி மார்கரெட்டுக்கு அங்கே அவர் கொடுத்த மனை அதைப் புகழ்பெறச் செய்தது. இப்போது வீட்டு உரிமையாளர்களின் நிறுவனம் தீவை நடத்துகிறது. படகில் வருபவர்கள் இறங்கலாம், ஆனால் அங்கே எல்லாம் தீவு நிர்வாகத்தின் விருப்பப்படி. குடாவில் வடக்கிலிருந்து வரும் நீளலை புகுந்துவிடும் என்பது கேப்டன்கள் அறிந்தது. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் ஏற்படும் புயல்கள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி எழுப்பும் அந்த அலை, காற்றே இல்லாத நாளிலும் வந்து படகைப் பக்கவாட்டில் ஆட்டும். நின்ற நிலையிலும் வேலை செய்யும் ஆட்டத்தடுப்புத் துடுப்புகள் படகில் இருக்கின்றனவா என்பதை வாடகைக்கு எடுக்கும் முன்பே கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், படகில் திரையரங்கு இருக்கிறதா என்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி அது.

இந்தப் பயணத்தின் இதயம் டொபேகோ கீஸ். மனிதர் குடியில்லாத ஐந்து சிறு தீவுகள், அவற்றைக் கிழக்கே வளைத்துக் காக்கும் குதிரைலாட வடிவப் பவளப்பாறை. 1997 முதல் அது கடல் பூங்கா. அங்கே நங்கூரமிட்டு நிற்கும் அனுபவம் வேறெங்கும் கிடைப்பது அரிது: படகின் அணியத்துக்கு முன்னால் நிலம் எதுவும் தெரியாது, பாறையின் மேல் உடையும் வெண்ணுரைக் கோட்டுக்கு அப்பால் ஆப்பிரிக்கா வரை திறந்த கடல், ஆனால் பாறை அலையை வாங்கிக்கொள்வதால் உள்ளே தண்ணீர் தெளிந்து, ஓரளவு அமைந்திருக்கும். காற்று மட்டும் தடையின்றி வீசும். பராடல் தீவின் கரையில் பச்சை ஆமைகள் கடற்புல் மேய்வதை நீந்தியபடியே பார்க்கலாம். பூங்காவில் ஜெட் ஸ்கீக்குத் தடை. சிறு படகுகளும் மெதுவாகவே ஓட வேண்டும். இலட்சக்கணக்கில் வாடகை கொடுத்து எடுத்த யாட்டின் வயிற்றுக்குள் நான்கு ஜெட் ஸ்கீ இருந்தும் பயன்படுத்த முடியவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு, அந்த ஆமைகளையும் பவளப்பாறையையும் காப்பதற்கே அந்தத் தடை என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய படகுக்கு அங்கே உள்ள சிக்கல் ஆழமும் இடமும். பாறைகளுக்கு இடையிலான வழிகளில் சூரியன் உச்சிக்கு அருகில் இருக்கும்போதுதான் நீரின் நிறத்தைப் பார்த்துப் பாறையைக் கண்டறிய முடியும். மாலைச் சூரியனை எதிரே வைத்துக்கொண்டு நுழைவது ஆபத்து. ஐம்பது, அறுபது மீட்டர் படகுகள் பெரும்பாலும் உட்பகுதிக்குள் போகாமல், ஆழமான வெளிப்பக்கத்திலோ அருகிலுள்ள மைரோ தீவின் மறைவிலோ நின்றுகொண்டு, விருந்தினரைச் சிறு படகில் அனுப்பும். எடைமிக்க நங்கூரச் சங்கிலி கடற்புல் படுகையின் மேல் அரைவட்டமாக உரசுவது அந்த ஆமைகளின் மேய்ச்சல் நிலத்தை உழுவதற்குச் சமம். ஆகவே இங்கே பெரிய படகு பாதகமே தவிர சாதகம் அல்ல. முப்பது மீட்டருக்கு உட்பட்ட படகை எடுத்தவர் ஆமைகளுக்குப் பக்கத்தில் விழித்தெழுவார். அறுபது மீட்டர் படகை எடுத்தவர் அரை மணி நேரம் நனைந்துகொண்டே அங்கே போய்ச் சேருவார். தென் கரீபியனுக்குப் படகைத் தேர்ந்தெடுக்கும்போது நீளத்தைவிட நீரில் மூழ்கும் ஆழத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

கீஸுக்குத் தெற்கே யூனியன் தீவு, அதற்கடுத்துக் கரியக்கூ. இடையில் இரண்டு நாடுகளின் எல்லை ஓடுகிறது: வடக்கே செயின்ட் வின்சென்ட், தெற்கே கிரெனடா. சில மைல் தூரம்தான் என்றாலும் ஒன்றில் வெளியேறும் முத்திரை வாங்கி மற்றொன்றில் நுழைவுப் பதிவு செய்ய வேண்டும். மஞ்சள் கொடி ஏற்றி, அனுமதி கிடைக்கும்வரை விருந்தினர் கரையிறங்கக் கூடாது. பதிவு விவரங்களை முன்கூட்டியே கணினி வழியே அனுப்ப வசதி இருந்தாலும் அரைநாள் போய்விடக்கூடும் என்று திட்டத்தில் ஒதுக்கிவைப்பது நலம். இரண்டு நாடுகளிலும் செலாவணி ஒன்றுதான்: 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று கட்டிவைக்கப்பட்ட கிழக்குக் கரீபியன் டாலர்.

கரியக்கூவுக்கும் கிரெனடாவுக்கும் நடுவே, கிரெனடாவின் வட கரையிலிருந்து எட்டு கிலோமீட்டரில், கடலுக்கு அடியில் ஓர் எரிமலை உயிரோடு இருக்கிறது. 1939-இல் வெடித்தபோது அறியப்பட்ட அதற்குக் 'கிக்கெம் ஜென்னி' என்று பெயர். அதைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் எப்போதுமே கலங்கள் போகக் கூடாது. எச்சரிக்கை நிலை உயர்ந்தால் ஐந்து கிலோமீட்டர். வெடிப்பைவிடவும் அஞ்சப்படுவது வாயுக் குமிழிகள்: அவை நிறைந்த தண்ணீர் அடர்த்தி குறைந்து, மேலே மிதக்கும் கலத்தைத் தாங்க முடியாமல் போகலாம். கேப்டன் அன்றைய எச்சரிக்கை நிலையைப் பார்த்துவிட்டு, மேற்கே ஒதுங்கிப் போவார்.

இந்தத் தீவுகளில் 2024-க்குப் பிறகு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். படகுக் காப்பீட்டு நிறுவனங்கள் சூறாவளிப் பருவத்தில் கலங்கள் 12 பாகை 40 நிமிட அட்சத்துக்குத் தெற்கே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்த காலம் ஒன்றிருந்தது. கரியக்கூவும் கிரெனடாவும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதால் பாதுகாப்பான இடங்களாகக் கருதப்பட்டன. 2004 செப்டம்பர் 7 அன்று இவான் சூறாவளி அந்த நம்பிக்கையைக் கிரெனடாவின் கூரைகளோடு சேர்த்துப் பிய்த்தெறிந்தது. அங்கிருந்த வீடுகளில் பத்தில் ஒன்பது சேதமடைந்தன. 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி நான்காம் வகை வலுவோடு கரியக்கூவின் மேல் கரைகடந்தது. யூனியன் தீவின் வீடுகளில் 90 விழுக்காடு அழிந்தன அல்லது கடும் சேதமடைந்தன என்று செயின்ட் வின்சென்டின் பிரதமர் அறிவித்தார். தீவுகளைக் கடந்தபின் பெரில் மேலும் வலுத்து, மிக உயர்ந்த ஐந்தாம் வகையை எட்டியது; அட்லாண்டிக் பதிவுகளில் வேறெந்தச் சூறாவளியும் ஆண்டில் அவ்வளவு முன்னதாக அந்த வகையை எட்டியதில்லை. கரியக்கூவின் சதுப்புநிலக் காட்டுக்குள் பாதுகாப்புக்காகக் கொண்டுபோய்க் கட்டிய படகுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து நொறுங்கின.

ஆகவே ஒரு பெரிய யாட்டின் வாரச் செலவில் எவ்வளவு இந்தத் தீவுகளுக்குப் போகிறது என்பது அற்பமான கேள்வி அல்ல. வாடகை உரிமையாளருக்கு, தரகு ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ. உணவுப் பொருள்களில் பெரும்பகுதி மயாமியிலிருந்து விமானத்திலோ, பிரான்ஸின் பகுதியான மார்ட்டினிக்கின் பேரங்காடிகளிலிருந்தோ வரும். (மார்ட்டினிக்கில் பொருள் வாங்கப் போகும் தமிழர் யாரேனும் அங்கே 'கொலம்போ' என்ற மசாலாக் குழம்பைக் கண்டால் வியப்படைய வேண்டியதில்லை: 1853 முதல் முப்பது ஆண்டுகள் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட கூலித் தொழிலாளர்களில் தமிழர் பலர்; அவர்களோடு போன மாரியம்மன் இன்றும் அங்கே வழிபடப்படுகிறாள். செயின்ட் வின்சென்டுக்கும் 1861-இல் சென்னையிலிருந்து ஒரு கப்பல் போனது.) மிஞ்சுவது பூங்காக் கட்டணம், துறைமுகக் கட்டணம், உள்ளூர்க் கைகளுக்கு நேராகப் போகும் பணம். அந்தக் கடைசிப் பங்கு முழுக்க விருந்தினரின் முடிவு. வண்ணமடித்த சிறு படகில் வந்து மாம்பழமும் மீனும் விற்பவர், கயிற்றை வாங்கிக் கட்டிவிடுபவர், டொபேகோ கீஸின் மணலில் சிங்கிறால் சுட்டுப் பரிமாறும் குடும்பங்கள் ஆகியோருடையவை அந்தக் கைகள். அந்தக் குடும்பங்களிடம் ஒரு மாலை சாப்பிடுவது படகின் சமையற்காரருக்கு அவமரியாதை ஆகாது. நல்ல கேப்டன் அதற்கு முன்னதாகவே சொல்லிவைப்பார். செயின்ட் வின்சென்டில் சிங்கிறால் பிடிக்கும் பருவம் செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை. யாட்டுப் பருவம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

ஏப்ரல் கடைசியில் படகுகள் கிளம்பத் தொடங்கும். வந்த வழியே அவை திரும்ப முடியாது. கிழக்கே நேராகப் போனால் அதே கொண்டல் 2,700 மைலும் அணியத்தில் அடிக்கும். ஆகையால் முதலில் வடக்கே ஏறி, மேலைக்காற்று வீசும் அட்சங்களை எட்டி, அசோர்ஸில் ஹோர்ட்டா துறைமுகத்தில் இளைப்பாறி, மத்தியதரைக் கடலுக்குள் நுழைகின்றன. மே 1 அன்று கிரெனடின் தீவுகளில் சிங்கிறால் கூடைகள் கரையேறுகின்றன. அடுத்த ஒரு மாதத்தில் சூறாவளிப் பருவம் தொடங்குகிறது.